மரக்கோயில் தரையில் பதினெட்டுத் துளைகள்

மரக்கோயிலின் கதவைப் பூட்டிவிட்டுச் சாலைவரை வந்த பிறகு, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். சில நாள் இரண்டு தடவை. ஜெலுத்தோங்கில் என் வீட்டு அடுப்பை அணைத்தேனா என்ற கவலை அதற்குப் பிறகுதான் வரும். கரையான், மழை, நெருப்பு என்று அந்த மரத்துக்கு வரக்கூடியதெல்லாம் எனக்கே வரப்போவது போல இருக்கும்.

படகு செய்யும் தச்சர்கள் கட்டிய வேதக்கோயில் என்று அப்பா சொல்வார். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் நம்பத் தோன்றும். கூரை, கவிழ்த்து வைத்த படகைப் போல வளைந்திருக்கும். தூண்கள் ஆணி இறங்காத காட்டுமரம்; உத்தரத்தையும் தூணையும் மர முளைகளால் பூட்டியிருந்தார்கள். செங்கல் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்திய தரைக்கு அடியில் கோழிகள் நுழைந்து போகும். சன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, சாய்த்து அடித்த பலகைகள்தான். முதலில் அத்தாப்பு ஓலைக் கூரையாம். ஓடு பிறகு வந்தது. ஓட்டின் கனத்தில் வாசல் தூண் ஒன்று சாய்ந்துவிட்டது. காற்று அடித்தால் அது முனகும். நான் வீட்டில் இருந்தால்கூட அது முனகுவது காதில் கேட்பது போலிருக்கும்.

பக்கத்திலேயே செங்கல்லில் பெரிய கோயில் எழும்பியதும், பழையதை இடிக்கப் பங்குச் சாமியாருக்கு மனம் வரவில்லை. விரிசல் விட்ட மணி, பழைய பூசை உடுப்புகள், கை போன புனிதர் சுரூபங்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து மியூசியம் ஆக்கிவிட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தத் தரையைப் பத்து வருஷம் தேங்காய் மட்டையால் தேய்த்தவள். அதனால் சாவி என்னிடம் வந்தது. நான் சொல்லச் சொல்ல, தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒவ்வொரு பொருளுக்கும் அட்டை எழுதினார்.

கடைசியில் அவர் தரையைக் காட்டினார். வாசலிலிருந்து பீடம்வரை நேர்க்கோட்டில் பதினெட்டுத் துளைகள், மரக்கட்டை அடித்து மூடியவை.

"அக்கா, இது என்ன, வரிசையா?"

எனக்குத் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது அந்தத் துளைகளில் கால் ஊன்றி ஒரு தடுப்பு நின்றது. வடக்கே ஒரு சாதி, தெற்கே நாங்கள். பிறகு வந்த ஒரு சாமியார் அதை ஒரே நாளில் பிடுங்கியெடுத்தார். அதைச் சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அந்த ஞாயிறுதான் பெரிய கோயிலில் என் மகளின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்க இருந்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், தடை சொல்ல நினைப்பவர்கள் அதற்குள் சொல்லலாம். மாப்பிள்ளை வீடு வடக்குப் பக்கம். ஆறிப்போனதை நானே கிளறுவதா?

"விளக்குத் தண்டு நட்ட இடம் தம்பி," என்றேன்.

'முன்னோர் விளக்கேற்றிய இடம்' என்று அவர் அழகாக எழுதி வைத்தார்.

நம் சனம் எப்படிப்பட்டது என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் ஓலை வாசித்த அன்றே, சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்திலிருந்து பூசைக்கு வந்தவர்கள் மியூசியம் பார்க்க நுழைந்தார்கள். ஒருத்தி அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள், முட்டி போட்டாள், மடியிலிருந்த மெழுகுவர்த்தியைத் துளைமேல் ஏற்றி நிறுத்தினாள். அடுத்தவள் அடுத்த துளையில். செய்தி பரவிவிட்டது. வாரம் முழுக்க ஆள் வந்தார்கள். நான் பின்னாலேயே போய் ஊதி அணைத்தேன்.

"சாமி விளக்கை ஊதுறீங்களே அக்கா, பாவம்லா," என்றாள் ஒருத்தி.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மறுநாள் மத்தியானம் மெழுகைச் சுரண்டும்போது ஏழாவது துளையைச் சுற்றிப் பலகை கருகியிருந்தது. தொட்டேன், இன்னும் சூடு. உண்மையைச் சொன்னால் மூன்றாம் ஓலை நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் கோயிலே போய்விடும். இரண்டு நாள் இதையே புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

உண்மையைச் சொன்னேன். வாத்தியார் கேட்டு முடித்து, சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்றார். அதுதான் தெரியவில்லை என்றேன். அவர் புது அட்டையை எடுத்தார். இங்கே ஒரு தடுப்பு இருந்தது, வடக்கே ஒரு சாதியாரும் தெற்கே மற்றவர்களும் நின்று பூசை கண்டார்கள், மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம் என்று எழுதினார். அதன் பிறகு ஒருவரும் ஏற்றவில்லை. படித்தவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சுற்றிப் போனார்கள்.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் வந்தாள். நான் சுரூபங்களைத் துடைக்கிற மாதிரி நின்றேன். அவள் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"யாரு எழுதச் சொன்னது?"

"நான்தான் சம்பந்தியம்மா."

அவள் சிரமப்பட்டுக் குனிந்து, கருகிய இடத்தைத் தடவினாள்.

"தடுப்புன்னு மொட்டையா இருக்கு. மரச்சட்டம், இடுப்பு உயரம்னு எழுதச் சொல்லுங்க. எங்க பக்கம் மட்டும் வார்னிஷ் அடிச்சிருந்தாங்க. வழவழன்னு இருக்கும். சின்ன வயசுல அதுமேல கன்னத்தை வச்சுத் தூங்கிடுவேன்."

"எங்க பக்கம் சிராய் குத்தும்," என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதையும் எழுதச் சொல்லுங்க," என்றாள். கல்யாணப் பேச்சே எடுக்காமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தபோது நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு அசையவில்லை. யாரும் தடை சொல்லவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"வார்னிஷ்?"

"அதுவும்."

"சிராய்?"

தலையாட்டினேன். அதன் பிறகுதான் முகூர்த்தப் புடவை எடுக்க எந்தக் கடைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தாள். பாதிப் பேச்சு என் காதில் விழவில்லை. மரக்கோயிலின் வடக்குச் சன்னலைச் சாத்தினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளும் கண்டுபிடித்துவிட்டாள் போல. "போய்ப் பாத்துட்டு வாங்க, நான் நிக்கிறேன்," என்றாள்.