இடது பக்கக் கடைசி வீடு

இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பயணிகள் படகு ஓட்டுகிற ஒருவரைக் கேப்டன் என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் படகுத்துறையில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள், அவரும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பிகூட நிர்வாகம் கொடுத்ததல்ல, அவரே ஆசைப்பட்டு வாங்கியது.

துறைக்கு அருகே இருந்த பழைய கிடங்குகளை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பத் தொடங்கியபோது, அதை அவரைப்போல் பார்த்தவர் யாருமில்லை. சுக்கானைப் பிடித்தபடியே ஒவ்வொரு தளமாக வளர்வதைப் பார்த்தார். ஐந்தாவது மாடியின் இடது கோடியில் ஒரு பால்கனி முளைத்தது. அங்கே நின்றால் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் முழுதாகத் தெரியும், காலை வெயில் நேராக உள்ளே வரும். அன்றே அந்த வீட்டை மனத்துக்குள் வாங்கிவிட்டார்.

எல்லாம் மனைவிக்காக. கல்யாணமான நாள் முதல் அவள் இருந்தது தரைத்தளத்து வாடகை வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் சமைத்தாள். அதைப் பற்றி அவள் குறைசொன்னதே கிடையாது, அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. "உனக்குக் கடலையே ஜன்னல்ல கொண்டுவந்து வைக்கறேன் பாரு" என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியும்விட்டார்.

சேமிப்பும் வங்கிக் கடனுமாகப் பணம் சேர்ந்ததும், கட்டடத்தின் தெருவாசலில் இருந்த விற்பனை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் வரைபடத்தை விரித்தாள், மேலே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றாள். கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. தினமும் பார்க்கிற கட்டடத்தை இவள் எனக்குக் காட்டுகிறாளா? "அதெல்லாம் வேண்டாம்மா. அஞ்சாவது மாடி, இடது பக்கக் கடைசி வீடு, அதைப் போட்டுடுங்க" என்று முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். பெரிய மனிதர் சொன்னால் அப்பீல் ஏது? அவளும் அப்படியே போட்டுவிட்டாள்.

சாவி கைக்கு வந்த அன்று மனைவியுடன் போனார். கதவைத் திறந்ததும் அவள் சமையலறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்து பார்த்தாள். அவர் நேரே பால்கனிக்குப் போனார். கடலைக் காணோம். கீழே படகுத்துறை இருந்தது. டிக்கெட் கொட்டகையின் தகரக்கூரை, கயிறு கட்டும் கம்பங்கள், டீசல் புகை. அவருடைய கூட்டாளியான கயிறு கட்டுபவர் அண்ணாந்து பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினார்.

அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்ன இடது, தண்ணீரிலிருந்து பார்க்கிற இடது. அந்தப் பெண் எழுதிக்கொண்டது தெருவிலிருந்து பார்க்கிற இடது. ஆயுளில் பாதியைத் தண்ணீரில் கழித்தவருக்கு, உலகம் கட்டடத்தைத் தெருவிலிருந்து பார்க்கிறது என்பது தோன்றவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்கோ வழுக்கி விழுந்த பிறகுதான் தரையே தெரிந்தது.

இதோ வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அந்த வீடு போன மாதமே விற்றுப்போய்விட்டது சார், அவர்கள் திரைச்சீலைகூட மாட்டிவிட்டார்கள் என்றாள் விற்பனைப் பெண். முகத்தில் ஈயாடாமல் திரும்பினார். லிஃப்ட் திறந்தே நின்றது, ஆனால் படியேறித்தான் போனார். ஒவ்வொரு படியிலும் அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். கடைசிப் படி வரைக்கும் ஒன்றும் வாய்க்கவில்லை.

அவள் பால்கனியில் நின்றிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பித்தார்.

"தெரியுமே" என்றாள் அவள்.

கட்டட வேலை நடக்கும்போதே ஒரு நாள், அவர் வேலைக்குப் போனபின், அவள் தனியாக வந்து மேலேறிப் பார்த்திருக்கிறாள். விற்பனைப் பெண்தான் கூட்டிப்போய்க் காட்டினாளாம். கோடி மாறிப்போனது அந்த நிமிடமே இவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போது மற்ற வீடும் காலியாகத்தான் இருந்தது.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்பவே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மாத்தித் தொலைச்சிருப்பீங்க."

அவள் துறையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் இங்க நின்னுட்டிருந்தப்ப உங்க படகு வந்துச்சுங்க. தொப்பிகூடத் தெரிஞ்சுது. காத்தடிக்கிற நாள்ல எல்லாம் அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், வந்துட்டீங்களா இல்லையான்னு தெரியாம. அந்தக் கோடியில கடல் தெரியும், சரி. கடலைப் பாத்து நான் என்ன பண்ணப்போறேன்? இங்க நீங்க தெரியறீங்க."

அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். கீழே கயிறு கட்டுபவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார், பாவம். இருவரும் சேர்ந்து அவருக்குக் கையாட்டினார்கள்.

குடிவந்த பிறகு அவள் சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதில்லை. படகு வளைவில் தெரிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தால், அவர் கதவைத் தட்டும்போது எல்லாம் தயாராக இருக்கிறது. வீடு எப்படி என்று யார் கேட்டாலும், பார்த்துப் பார்த்து வாங்கினது என்கிறார் கேப்டன், கூசாமல். ஒரே ஒரு சங்கடம்தான். போன வாரம் கரை ஒதுக்கும்போது கவனம் பிசகிப் படகு துறையில் இடித்துவிட்டது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை, பயணிகள்கூட ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். அவரும் அதை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "சாயங்காலம் என்ன, இடிச்சிட்டீங்க?"