அம்மாவின் பாதிக் கல்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரரில் தொடங்கி, நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் முட்டை வியாபார அலுவலகத்தில் லோடு ஏற்றுகிறவர்கள் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரண்ட் போனால் கத்துவேன். பல்லி மேலே விழுந்தால் எல்லோரும் பலன் பார்ப்பார்கள், நான் அழுவேன். அப்படிப்பட்டவள் கல்லறைகளைப் படம் பிடிக்கும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது, இவருக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது.

என்னைச் சேர்த்துவிட்டவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா மளிகை மண்டியில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் போன மாதா கோயிலைச் சேர்ந்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறிப் போய்விடுவேன். பூசை முடிந்ததும் நாலைந்து பேர் கல்லறைத் தோட்டத்துக்குள் இறங்குவோம். கல்லைத் தண்ணீர் விட்டுத் துடைப்போம். எழுத்து தேய்ந்திருந்தால் கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, பக்கவாட்டில் விழ வைப்போம். வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் ஒரு பெயர் எழும்பி வரும். அதைப் படமெடுத்து ஓர் இணையதளத்தில் ஏற்றினால், வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தன்னார்வலர் படத்தைப் பார்த்துப் பெயரையும் தேதியையும் அடித்து வைப்பார். மலேசியாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறவர்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாவை அதில் தேடுவார்கள். கிடைத்துவிட்டால் அழுதுகொண்டே நன்றி எழுதுவார்கள். அந்த நன்றிக்காகத்தான் பயத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கென்று சில கண்டிஷன்கள் உண்டு. தனியாக நிற்க மாட்டேன். புதிதாகத் தோண்டிய குழிப் பக்கம் போக மாட்டேன். எங்கள் அப்பா இருக்கும் வரிசையைப் படமெடுக்க மாட்டேன்.

அப்பாவிடம் எனக்கு என்ன பயம்? பயமெல்லாம் அந்தக் கல்லின் வலது பாதியிடம்தான். கல் அடிக்கக் கொடுத்தபோது கல் வெட்டுகிறவர், "அம்மா பேரையும் இப்பவே வெட்டிரலாமுங்க. பின்னாடி வெட்டுனா எழுத்து ஒண்ணுபோல வராதுங்க" என்றார். எங்கள் கோயிலில் பல குடும்பங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் பதறிப்போய் வேண்டவே வேண்டாம் என்றேன். அம்மா என் பேச்சை ஒதுக்கிவிட்டு, "போடச் சொல்லு சாமி. அவரு பக்கத்துல எனக்கும் ஒரு ஊடு கட்டுனாப்புல ஆச்சு" என்று சொல்லிவிட்டாள். அதனால் இடது பாதியில் அப்பாவின் பெயர், மண்ணில் என்று பிறந்த தேதி, விண்ணில் என்று இறந்த தேதி. வலது பாதியில் அம்மாவின் பெயர், மண்ணில் என்று ஒரு தேதி, அப்புறம் விண்ணில். அதற்குக் கீழே வழவழவென்று வெறும் கறுப்பு. கல்லறைத் திருநாளுக்குப் போனால் அந்த இடத்தை மறைக்கிற மாதிரிதான் செண்டுமல்லி மாலையைப் போடுவேன். அம்மா சிரித்துக்கொண்டே மாலையை நகர்த்துவாள்.

அண்ணனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன் மலேசியாவில் இருக்கிறான். அப்பா இறந்தபோது அவனால் நேரத்துக்கு வர முடியவில்லை. டிக்கெட்டா, லீவா, என்ன காரணம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அடக்கமெல்லாம் முடிந்த பிறகு பையோடு வாசலில் வந்து நின்றான். அம்மா உள்ளே இருந்தபடியே, "அப்பன் சாவுக்கு வராதவன் என் சாவுக்கும் வராதே" என்றாள். துக்கத்தில் வந்த வார்த்தைதான். அவன் பையைக் கீழேகூட வைக்காமல் திரும்பிப் போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது, போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அதே ஊரில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகள்தான் எப்போதாவது கூப்பிட்டு, அவன் நன்றாக இருக்கிறான் என்று சொல்வாள்.

அவள்தான் அன்று அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்ததும் அழுகை. "பெரியம்மா போனதை ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றாள். பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாறு தேடியவள், போன வாரமே எங்கள் இணையதளத்தில் அப்பாவின் கல்லைப் பார்த்திருக்கிறாள். நான் விட்டுவிட்ட வரிசையை எங்கள் கூட்டத்தில் வேறு யாரோ படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். எங்கோ இருந்து அதை அடித்து வைத்தவர், அம்மாவின் பெயருக்குக் கீழே தேதி இல்லாததைப் பார்த்து, இறந்த தேதி தெரியவில்லை என்று போட்டுவிட்டார். கல்லில் பெயர் இருந்தால் ஆள் உள்ளே இருப்பார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

"அட போடி, காலையில எனக்குச் சோறு கட்டிக் குடுத்ததே அம்மாதான்" என்று சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. காலையில் பார்த்தது. இப்போது மணி என்ன? அம்மாவைக் கூப்பிட்டேன். முழுக்க மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மோகனூர் ரோட்டில் வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று சத்தியமாகத் தெரியாது. முட்டை லாரிக்காரன் ஒருவன் தலையை வெளியே நீட்டித் திட்டினான். திட்டு வாங்குவதுகூட அப்போது உறைக்கவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆத்தூர் அத்தைக்கும் செய்தி போயிருக்கிறது. துக்கம் கேட்கக் கூப்பிட்ட அத்தை, அம்மாவின் குரலைக் கேட்டதும் வீல் என்று கத்திப் போனை வைத்துவிட்டாளாம். "மறுக்கா எவளாச்சும் கத்துவாளோன்னுதான் உன் போனை எடுக்கலை" என்றாள். நான் அவள் மடியில் தலையை வைத்து ஒரு பாட்டம் அழுதேன்.

சிரிப்பெல்லாம் அன்று சாயங்காலம் வரைதான். மலேசியாவில் இருக்கும் சித்தப்பா மகளை அம்மாவே கூப்பிட்டாள். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை. "எனக்கு அங்க பூசை வெச்சுட்டாளாம் சாமி" என்றாள். ஆன்ம இளைப்பாற்றிக்காக, அம்மாவின் பெயரைச் சொல்லி, கோயிலில் எல்லோரும் எழுந்து நிற்க. பிறகு, "உங்கண்ணனுக்கும் கல்லைப் பாத்த அன்னிக்கே சொல்லியுட்டுட்டாளாம். அவனும் சேதியைக் கேட்டுட்டானாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் எழுந்திருக்கவில்லை. காப்பி வைத்தால் ஆறிப்போகும். சோறு பிசைந்து கொடுத்தால் ரெண்டு வாய், அப்புறம் கையைத் தள்ளிவிடுவாள். மருத்துவர் வந்து பார்த்து, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சாப்பிட வையுங்கள் என்று சொல்லிப் போனார். எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் அந்தப் பூசையின் வேலை. உயிரோடு இருப்பவளுக்கு இறந்தவர் பூசை வைத்தால் என்ன ஆகும்? ஃபாதரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். வேண்டுதல் யாருக்கும் கெடுதல் செய்யாதும்மா என்றார் பொறுமையாக. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நான் மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து, தூங்குகிற அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். காற்று படும்வரை என் மூச்சு நின்றிருக்கும். ஒருநாள் கண்ணை மூடியபடியே, "இருக்கறேன், போ" என்றாள்.

அப்புறம் பீரோவிலிருந்து சந்தன நிறச் சேலை ஒன்றை எடுக்கச் சொல்லி, நான் போனால் எனக்குக் கட்டவேண்டியது இதுதான் என்று காட்டினாள். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதலுக்கு ஃபாதரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அங்கேயும் அவள் குரல் வந்தது. "போன்ல சார்ஜ் இருக்குதா பாரு." படுத்த நாளிலிருந்து அந்தப் போன் தலைமாட்டிலேயே கிடந்தது. இன்னும் யாராவது துக்கம் கேட்பார்கள், அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கப் போகிறாளோ என்று எனக்கு எரிச்சல் வேறு.

வங்கிக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், அவரே ஆடிப்போயிருந்தார். இணையதளக்காரர்களுக்கு எழுதினார். ஒருவரை இறந்தவர் என்று போடுவதற்கு எதுவும் கேட்காதவர்கள், உயிரோடிருக்கிறார் என்று மாற்றுவதற்கு ஆதாரம் கேட்டார்கள். அதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார். "அதே கல்லுக்குப் பக்கத்துல அம்மாவை நிக்க வெச்சு ஒரு படம் எடுத்துரலாம்மா. வருஷா வருஷம் பென்ஷன்காரங்களை நேர்ல பார்த்து, உயிரோட இருக்காங்கன்னு கையெழுத்துப் போட்டவன் நான், என்னை நம்பு" என்றார். அந்தக் கல்லுக்குப் பக்கத்திலா, இந்த நிலைமையிலா? என் பிணத்தைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று கத்தினேன். கத்திய பிறகு, என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று நடுங்கினேன். உள்ளேயிருந்து அம்மா, "போலாம்" என்றாள்.

ஞாயிறு காலையில் வாடகைக் கார் வந்து நின்றபோது அம்மா தயாராக இருந்தாள். கட்டியிருந்தது அந்தச் சந்தன நிறச் சேலை. மாற்றச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன், கேட்கவில்லை. சேலம் போய்ச் சேரும்வரை அவள் கையைப் பிடித்தபடி, மனதுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் மந்திரம் மறந்து மறந்து போனது.

கல் வெயிலில் கொதித்தது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், சரியாகத் தன் பாதியில். அப்பாவின் பெயரை முந்தானையால் துடைத்துவிட்டாள். வெயில் ஈரக் கல்லில் பட்டுத் தெறித்ததில் முதல் படங்களெல்லாம் வெளிறிப்போயின. ஒன்று மட்டும் தெளிவாக விழுந்தது. அம்மா, பெயர், விண்ணில், அதற்குக் கீழே அந்தக் கறுப்பு, எல்லாம் தெரிந்தது. வங்கிக்காரர் கும்பிட்டுவிட்டுக் கார் நின்ற பக்கம் போனார்.

"முடிஞ்சதும்மா. இப்பவே ஏத்திருவேன். இனி உனக்கு ஒண்ணும் இல்லை" என்றேன். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்பப் போடாதே சாமி."

"ஏன்?"

"கொஞ்ச நாள் நான் செத்தே கெடக்கறேன்."

புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. "மலேசியாக்காரிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன், அவன்கிட்ட மாத்திச் சொல்ல வேண்டாம்னு. அவன் வாரானான்னு பாக்கோணும்" என்றாள்.

அவன் அங்கே தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால்? அது கொடுமை அம்மா என்றேன்.

"கொடுமைதான்" என்றாள். "வராதேன்னு நாந்தான் சொன்னேன். சொன்னாலும் வரோணுமல்ல?"

அன்று திரும்பும் வழியில் ராசிபுரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, கேட்டு வாங்கி மூன்று இட்லி சாப்பிட்டாள். அன்றிலிருந்து நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், அவன் வந்தால் எழுந்து நிற்கத் தெம்பு வேண்டுமாம். நான்தான் இளைத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் இணையதளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். அம்மா இன்னும் அதில் இறந்துதான் இருக்கிறாள். படம் என் போனில் இருக்கிறது, ஏற்ற ஒரு நிமிடம் ஆகாது. அவன் வருவதற்குள் அது நிஜமாகிவிடுமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருக்கிறது. செய்தியைக் கேட்டுவிட்டு அவன் எப்போதும்போல வேலைக்குப் போயிருப்பானோ? அம்மாவும் அதைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் எதிரெதிரே உட்காருகிறோம், அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.