கண்ணாடியில் கட்டிய சிவப்புத் துண்டு

செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதென்று அனுப்பியவருக்கு யார் சொல்வது? சித்தப்பா தம் பேருந்தின் பக்கக் கண்ணாடியில் கட்டிய சிவப்புத் துண்டு என்மீது சுமத்திய கேள்வி இது.

அவர் ரப்பர் தோட்டத்திலிருந்து மலாக்கா நகருக்குப் பேருந்து ஓட்டினார். பட்டம் பெற்றுத் திரும்பிய நான் அதே பேருந்துக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தோட்டம், பேருந்துக் கம்பெனி, மருத்துவமனை மூன்றும் தனித்தனி நிர்வாகங்கள். ஒன்றின் நடைமுறை மற்றதற்குத் தெரியாது. அவற்றை இணைத்தது எழுதப்படாத ஓர் ஏற்பாடு. பேருந்தில் கடும் நோயாளி இருந்தால் கண்ணாடியில் சிவப்புத் துண்டு ஆடும். வழியிலுள்ள காஜா பெராங் முனை மளிகைக் கடைக்காரர் அதைப் பார்த்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்வார். பேருந்து போய் நிற்கையில் வாசலில் தள்ளுவண்டி காத்திருக்கும். எவரும் எவரையும் நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. அந்த எளிமையில் நான் மயங்கியிருந்தேன்.

சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகக் கம்பெனி எல்லாப் பேருந்துகளிலும் வண்ணத் துணிகளைக் கட்டச் சொன்னது. "நம்ம பஸ்ஸு மாப்பிள்ளையாட்டம் இருக்கு லா, அண்ணே!" என்று கண்டக்டர் கேலி செய்தார். அந்த நாட்களில்தான் சித்தப்பாவின் மனைவி, கர்ப்பமாயிருந்த சின்னம்மாவுக்கு, மாதம் நிறையுமுன்பே வலி கண்டு இரத்தம் போகத் தொடங்கியது. விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்த நான் பேருந்தில் அவர் கையைப் பற்றியிருந்தேன்.

"துண்டு கட்டியாச்சாங்க?" என்று சின்னம்மா சித்தப்பாவிடம் கேட்டார்.

"கட்டிட்டேன் புள்ள. காத்துல ஆடுது பாரு."

கடைக்காரர் வாசலில்தான் நின்றார். எங்களைப் பார்த்துக் கையசைக்கவும் செய்தார். சித்தப்பா அதைப் பதிலென்று எடுத்துக்கொண்டார். அது கொண்டாட்டத்தின் கையசைப்பு. மருத்துவமனை வாசலில் ஊர்வலக் கூட்டம் இருந்தது, தள்ளுவண்டி இல்லை. நாங்கள் கத்திக் கூப்பிட்டு அது வந்தபோது சின்னம்மாவின் விரல்கள் தளர்ந்திருந்தன. குழந்தையும் பிழைக்கவில்லை.

கடைக்காரர் வீட்டுக்கு வந்து, "எல்லா பஸ்ஸுலயும் செவப்பு ஆடுச்சே, தம்பி…" என்று அழுதார். சித்தப்பா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்திருந்தார்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவிலிருந்த இடம்தான் எவருடையதாகவும் இல்லை.

இன்று மலாக்காவின் ஆயர் குரோவில் என் மகள், வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள மென்பொருள் வடிவமைக்கிறாள். "அந்தப் பக்கம் கெடைச்சதுன்னு பதில் வராம, நாங்க அனுப்பினதாவே எடுத்துக்க மாட்டோம்பா," என்றாள் சாதாரணமாக.

சின்னம்மா போன பிறகு சித்தப்பா அந்தத் துண்டை மறுபடி கட்டவில்லை. நோயாளி இருக்கும் நாட்களில் காஜா பெராங் முனையில் வண்டியை நிறுத்துவார். கடைக்காரர் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்து, "சொல்லியாச்சு, போங்க," என்ற பிறகே கிளப்புவார்.