ஆளு மேலயா பூசணம் பூக்கும்?

அருள்மேரி இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் ஒரு மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். அவர் இருக்கும்போதே சொல்ல வேண்டிய ஒன்றை ஆறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் இந்த முப்பதாம் நாள் நினைவு மலரைப் படிப்பீர்கள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: போடியில் எங்கள் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அவர்தான் பொறுப்பு. முன்பெல்லாம் குடோன் சாவியும் அவர் இடுப்பில்தான் இருக்கும். ஒரு பிடி காயைக் காதோரம் வைத்துக் குலுக்கியே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். யாராவது சந்தேகப்பட்டால், "என்கிட்ட எதுக்குக் கேக்குறீக, காய்கிட்டக் கேளுங்க" என்பார். நான் கடைக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்து முதலாளிக்கு விளக்குகிறவன். அவரைவிட ஆறேழு வயது மூத்தவன் என்பதால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ராயப்பன்பட்டியில் அடக்கம் முடிந்து எல்லோரும் மாதா கோயில் வாசலில் நின்றபோது முதலாளி சொன்னார்: "இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவதான்யா அந்தப் பூசண லோடு. மத்தபடி தங்கமான பொம்பள." நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சீ, என்ன மனுசன் நான்!

அந்தப் பூசண லோடு கதை இதுதான். வெளிநாட்டில் ரொட்டி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு மாதிரிச் சரக்கு அனுப்பியிருந்தோம். அதை நம்பி அடுத்த லோடு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கொச்சிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் மெயில் வந்தது. முதல் வரி, எங்களுக்கு ஆரம்பத்தில் உங்கள் காய் பிடிக்கவில்லை. அடுத்த வரி, 'பட் இட் இஸ் க்ரோயிங் ஆன் அஸ்.' க்ரோ என்றால் வளர்வது, ஆன் என்றால் மேலே. ஏலக்காய் மேலே வேறு என்ன வளரும்? நான் பி.ஏ. படித்தவன் ஆயிற்றே, அகராதியைத் தொடுவேனா! நேரே போய், "பூசணம் பூத்துருச்சாம் முதலாளி" என்றேன்.

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "லாரிய நிறுத்து! மூடைய எல்லாம் எறக்கு!" அருள்மேரியைப் பார்த்து, "எந்த மூடைல ஈரம்னு சாயந்தரத்துக்குள்ள காட்டு. இல்ல, நீயும் ஒன் ஆளுகளும் நாளைக்கு இங்கன வர வேணாம்" என்றார்.

மத்தியானம் வரைக்கும் அந்தப் பெண்கள் மூடை மூடையாகப் பிரித்துக் கொட்டினார்கள். ஒருத்தரும் சாப்பிடவில்லை. அருள்மேரி கையை முழங்கைவரை காய்க்குள் விட்டு அள்ளி முகர்ந்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தபடியே இருந்தார். எங்கேயும் ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. மூன்று மணி வாக்கில் அருள்மேரி என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணே, அவுக எழுதுனத ஒவ்வொரு சொல்லாச் சொல்லுங்க."

சொன்னேன்.

"கடைசில அஸ்ஸுன்னீகளே, அப்படின்னா?"

"எங்கள், நாங்கள்னு அர்த்தம்த்தா. எங்க மேல."

"ஏண்ணே, காய் மேல பூத்தா காய் மேலன்னுதான எழுதுவாக? ஆளு மேலயா பூசணம் பூக்கும்? அவுகல்லாம் குளிக்கவே மாட்டாகளா?"

அவர் எதிரிலேயே செல்போனில் தேடினேன். வளர்வதும் இல்லை, பூப்பதும் இல்லை. முதலில் பிடிக்காத ஒன்று பழகப் பழகப் பிடித்துப்போவதற்கு அப்படிச் சொல்வார்களாம். சத்தமாகப் படித்தேன். அருள்மேரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "போங்கண்ணே, சீக்கிரம் போய்ச் சொல்லுங்க" என்றார்.

போனேன். முதலாளி இருந்த கோபத்தில் நாக்கு புரண்டுவிட்டது. "மறுபடி மெயில் வந்திருக்கு. பரவால்லயாம், லோட அனுப்பச் சொல்றாக" என்றேன். அவ்வளவுதான். லாரி கிளம்பியது. யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் முதலாளி, "லேசாப் பூத்திருக்கு, போனாப் போகுதுன்னு விட்டுட்டான்" என்று சொல்லி, அருள்மேரியிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

சாவி அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த இங்கிலீஷை மட்டும் விடவில்லை. புது டீக்கடையின் இஞ்சி டீயைக் குடித்துவிட்டு, "இதுகூட க்ரோயிங் ஆன் மீ ஆயிருச்சுண்ணே. நீங்கதான் ஆக மாட்டேங்கிறீக" என்பார். மற்ற பெண்கள் விவரம் புரியாமல் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்.

போன வாரம் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பிள்ளையப் போயி என்னென்ன பேசிட்டேன்யா" என்றார். அன்றைய கடிதங்களை வழக்கம்போல என்னிடமே படிக்கத் தந்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பிறகு ராயப்பன்பட்டிக்குப் போய் அவருடைய மகளிடம் சொன்னேன். அந்தப் பெண் ஆச்சரியப்படவே இல்லை.

"அம்மா அன்னைக்கே சொன்னாக மாமா. நான்கூட, முதலாளிகிட்ட நீங்களே போயிச் சொல்ல வேண்டியதுதானம்மான்னு சண்ட போட்டேன்."

"என்னத்தா சொன்னாக?"

"எனக்குக் கையி இருக்கு, எந்தக் கடையிலயும் காய் பொறுக்கிப் பொழச்சுக்குவேன். அண்ணனுக்கு இங்கிலீஷ விட்டா வேற ஒண்ணும் தெரியாது, அதுவும் தப்புன்னு தெரிஞ்சா இந்த வயசுல யாரு வேல குடுப்பான்னாக."

அவருடைய போட்டோ வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். தினமும் காலையில் கடைக்குப் போய் உட்காருகிறேனே, அந்த நாற்காலி அருள்மேரி எனக்கு விட்டுக்கொடுத்தது.