வெளிக்கிட்டனாங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சியில், மாலை நேரக் கல்லூரி ஒன்றில் பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் படித்தேன். டேட்டாபேஸ் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் என் இலக்கிய தாகம்.

அந்த நாடகங்களில் அகதிகள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆலிவ் கிளையைப் பிடித்தபடி பலிபீடத்தில் உட்கார்ந்துவிட்டவர்களை யாரும் இழுத்துப் போகக் கூடாது. தஞ்சம் கொடுத்தால் போர், கொடுக்காவிட்டால் அநீதி என்று மன்னன் தவிப்பான். இதில் தவிக்க என்ன இருக்கிறது என்று அவனைக் கிழி கிழியென்று கிழித்து ஒரு கட்டுரை எழுதி ‘ஏ’ வாங்கினேன். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்துவைத்துப் படித்துக் காட்டினேன். மனைவி காபி போடும் சாக்கில் எழுந்து போய்விடுவாள்.

எழுந்து போகாதவர் ஒருவர்தான். பகலில் எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அமெரிக்காவில் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். அது கிடைத்தால்தான் கொழும்பில் உறவினர் வீட்டில் இருக்கும் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொள்ள முடியும். நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளரை அவரேதான் கூட்டிப் போகவேண்டும்.

“அண்ணை, நீங்கள் வருவியளோ? அகதியளைப் பற்றி எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறியள்.”

என் கிரீன் கார்டு விண்ணப்பமும் அதே குடியேற்றத் துறையிடம்தான் கிடந்தது; இதில் போய் ஏன் மாட்டிக்கொள்வது என்று யோசித்தேன். ஆனால் அந்த ‘வடிவா’ என்னைக் கவிழ்த்துவிட்டது.

“கவலையே படாதீங்க, drive பண்ணி நானே கூட்டிட்டுப் போறேன். நமக்குத் தமிழ்தானே!” என்றேன்.

நேர்காணலில் அதிகாரி, ஊரில் கடைசி நாள் என்ன நடந்தது என்று கேட்டார்.

“ஆமி வருதெண்டு விடியவெள்ளன எல்லாரும் வெளிக்கிட்டனாங்கள்.”

எங்கள் ஊரில் ‘வெளிக்கு’ப் போவதென்றால் ஒன்றுதான். பயத்தில் அப்படியும் ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ராணுவம் வருகிறது என்றதும் ஊரே காலைக்கடன் கழிக்கப் போனது என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். கையில் என்ன எடுத்துப் போனீர்கள் என்றார் அதிகாரி, குழப்பத்தோடு.

“பிள்ளையளையும் ரெண்டு உடுப்புப் பையையும்.”

திரும்பி வந்தீர்களா?

“இல்லை. வரேல்லை.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பெண்மணி என்னைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வீட்டை விட்டுப் புறப்பட்டதைத்தான் சொன்னதாகத் தானே விளக்கினார். மொழிபெயர்ப்பு சரியில்லை, வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி கோப்பை மூடிவிட்டார். அந்த வேறொரு நாள் எட்டு மாதம் தள்ளி வந்தது. மகள்கள் அதுவரை கொழும்பிலேயே இருந்தார்கள்.

காரில் அவமானத்தோடு சாலையையே பார்த்து ஓட்டினேன். அவர்தான் பேசினார்.

“உங்கட ஊரில வெளிக்கிடுறதுக்கு என்னெண்டு சொல்லுவியள்?”

“கிளம்புறதுன்னு சொல்வோம்.”

“கிளம்பினோம்” என்று சொல்லிப் பார்த்தார். “அடுத்த முறையும் நீங்களே வாங்கோ அண்ணை. எனக்கு வேற ஆர் இருக்கினம்? அதுக்குள்ள நான் உங்கட தமிழைப் பழகிடுவன்.”

ஃப்ரீவே முழுக்க, ஜன்னல் பக்கம் திரும்பி, “கிளம்பினோம், கிளம்பினோம்” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உச்சரிப்பைக்கூட ஓரிரு இடத்தில் திருத்தினேன். அவருடைய தமிழை நான் பழகவேண்டும் என்பது, வீடு வந்து சேரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.