இழவு சீனுக்கு எங்க வீடு

சென்னையில செட்டுக்குள்ளேயே எடுத்துக்கிட்டிருந்த சீரியல் ஒண்ணு இப்ப மதுரைப் பக்கம் வந்துருச்சு. நிஜ வீடும் நிஜ சனமும் வேணுமாம்.

கல்யாண சீனுக்கு எங்க ஊரு பரவையில போட்டி போட்டு வீட்டைக் குடுத்தாங்க. இழவு சீனுன்னதும் ஒருத்தரும் குடுக்கல. நல்லா இருக்குற வீட்ல யாரு பாடையைக் கட்ட விடுவா? செட்டுல இந்தத் தொல்லை கிடையாது.

கடைசியில சீரியல் மேனேஜர் எங்க வீட்டுக்கு வந்தாரு.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க வீட்லதான் ஏற்கெனவே துக்கம் நடந்துருச்சே."

அப்பா போய் மூணு மாசம்தான் ஆகுது. தம்பி என் மூஞ்சியைப் பார்த்தான். "சரி, எடுத்துக்கங்க"ன்னுட்டேன்.

இன்னைக்குக் காலையில ஷூட்டிங். அப்பாவைக் கிடத்தியிருந்த அதே இடத்துல ஒரு நடிகரைக் கிடத்தி மாலை போட்டாங்க. சுத்தி உக்கார ஆள் பத்தலைன்னு என்னையும் உக்கார வச்சாங்க. அன்னைக்கு உக்காந்திருந்த மாதிரியேதான் உக்காந்திருந்தேன், சுவரைப் பார்த்துக்கிட்டு.

டைரக்டர் கட் சொல்லிட்டாரு.

"பச்சை சேலை அக்கா, இழவு வீட்ல யாராச்சும் இப்படி உக்காந்திருப்பாங்களா? கொஞ்சம் அழுங்க."

வரல. அன்னைக்கும் சித்தி "அழுதுருடி, அழுதுரு"ன்னு முதுகைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. அப்பவும் வரல.

என்னை எந்திரிக்கச் சொல்லிட்டு, சென்னையிலருந்து கூட்டிட்டு வந்த ஒரு அம்மாவை அங்க உக்கார வச்சாங்க. ஒரே டேக்ல அம்புட்டு அழுகை. நான் அடுப்படியில நின்னு எல்லாருக்கும் காபி போட்டேன்.

டிவியில வந்தா பாத்துட்டுச் சொல்லுங்க, எங்க வீடு இழவு வீடு மாதிரி இருக்கான்னு.