பூண்டும் இரண்டு முதுகுகளும்

போன வாரம் ஜெர்மனியிலிருந்து மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"கையில அரிப்புன்னு டாக்டர்கிட்ட போனேம்மா. முதுகு பூரா என்னென்னமோ ஒட்டி விட்டுட்டாங்க. ரெண்டு நாள் குளிக்கக் கூடாதாம். பேட்ச் டெஸ்ட்டாம்!"

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். வராதா பின்னே?

"உங்கப்பாவும் நானும் அதைச் சேர்ந்தே ஒட்டிக்கிட்டவங்கடி" என்றேன். "இது எப்பம்மா?" என்றாள். இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்...

அறுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் கருப்பையா, வலையபட்டிக்காரர். சமையல்தான் தொழில். பினாங்கில் ஒரு செட்டியார் வீட்டில் சில வருஷம் சமைத்தார். அங்கேதான் இடது கை விரல் நுனிகளில் தோல் வெடிக்க ஆரம்பித்தது. உரியும், ரத்தம் கசியும், ஆறும், மறுபடி வெடிக்கும். அங்கிருந்த டாக்டர், இங்கிலாந்திலிருந்து வந்த மருந்துப் பெட்டியைத் திறந்து, முதுகில் வரிசையாக ஒட்டிப் பார்த்தார். எதுவும் சிவக்கவில்லை. 'அலர்ஜி இல்லை' என்று சொல்லிவிட்டார்.

அலர்ஜி இல்லை என்றால் வேறு என்ன? அந்தக் கேள்வியோடுதான் இவர் ஊருக்குக் கப்பலேறினார்.

ஊரில் பதில் தயாராக இருந்தது. குஷ்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'பெரிய வியாதி' என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். காரைக்குடியில் பேசி முடித்திருந்த ஒரு வளைகாப்புச் சமையல் கைமாறியது. அடுத்து ஒரு சடங்கு வீடு. "அவுக கை அப்படி இருக்கே... பந்தியில உக்காந்தவுக என்ன நினைப்பாக?" என்று என்னிடமே ஒருத்தி கேட்டாள்.

அதைவிடக் கொடுமை வீட்டுக்குள் நடந்தது. தனித் தட்டு, தனி டம்ளர் என்று இவராகவே ஒதுங்கிக்கொண்டார். மகளுக்குத் தவழ்கிற வயசு. அப்பாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வேகமாகத் தவழ்ந்து வருவாள். இவர் எழுந்து வெளியே போய்விடுவார். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

"மதுரையில, சீமையில படிச்சுட்டு வந்த தோல் டாக்டரம்மா இருக்காகளாம். வாரீகளா, இல்லையா?" என்றேன். அது கேள்வியே இல்லை. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் அவரை ஏற்றி நானும் ஏறினேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். இவர் கையைப் பின்னால் இழுக்க இழுக்க, அவர் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "உணர்ச்சி நல்லா இருக்கு. நீங்க பயப்படுற நோய் இது இல்லை."

நான் பிள்ளையார்பட்டி இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். இவர் அசையவில்லை.

"இல்லைன்னு சொன்னா ஊரு நம்பாது டாக்டரம்மா. இது என்னன்னு சொல்லுங்க."

டாக்டரம்மா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "பினாங்குல ஒட்டின அதே பெட்டிதான் என்கிட்டயும் இருக்கு. நிக்கல், ரப்பர், முகத்துக்குப் பூசுற வாசனைச் சாமான்... எல்லாம் அங்க உள்ளவங்க கை படுற பொருள். உங்க கை தினமும் எதைத் தொடுதோ, அதைக் கொண்டு வாங்க. ஒட்டிப் பார்ப்போம்."

அடுத்த வாரம் பஸ்ஸில் எங்கள் மடியில் ஒரு பெரிய பை. மிளகு, மல்லி, மஞ்சள், பட்டை, கல்பாசி, மிளகாய், வெங்காயம், பூண்டு... பஸ்ஸே மணந்தது. கண்டக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எந்த ஊர்ல விசேஷம்?" என்றார்.

"என் முதுகுலதான்" என்றார் இவர். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் வேடிக்கைப் பேச்சு!

டாக்டரம்மா மிளகாயைத் தள்ளி வைத்தார் – அது யார் முதுகையும் சிவக்க வைக்குமாம். பூண்டை நசுக்கி, எண்ணெயில் கலந்து காரத்தைக் குறைத்துக்கொண்டார். "அப்படியும் சந்தேகம் வரக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத ஒரு முதுகு வேணுமே" என்று அறைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"எங்குட்டுத் தேடுறீக? இந்தா, நான் இருக்கேன்ல" என்றேன்.

குளிர் தேசத்தில் ஒட்டினால் ஒட்டினபடி இருக்குமாம். மதுரைச் சித்திரை வெயிலில்? வேர்வையில் பிளாஸ்திரி வழுக்கிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா நெஞ்சைச் சுற்றித் துணி கட்டி அனுப்பினார். சொந்தக்காரர் வீட்டில் சுவரில் சாயாமல், குளிக்காமல், ஒரு மின்விசிறிக்கு முன்னால் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அரிப்பில் இவர் நெளிந்த நெளிவு இருக்கிறதே...

பிரித்தபோது என் முதுகில் ஒன்றுமே இல்லை. அவர் முதுகில் மையால் போட்ட கட்டங்களில் ஒன்று மட்டும் சிவந்து, தடித்து, பொடிக் கொப்புளத்தோடு நின்றது.

பூண்டு.

"பூண்டை எப்படி நறுக்குவீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. இவர் வலது கையில் கத்தி பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, இடது கையின் மூன்று விரல்களைச் சேர்த்தார். வெடித்திருந்ததும் அதே மூன்று விரல்கள்தான். அந்த விரல்களைத் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. வெங்காயத்துக்குக்கூட அசராத மனுஷன்!

டாக்டரம்மாவுக்கு எங்களைவிடச் சந்தோஷம். சீமைப் பெட்டியில் அன்றைக்கே ஒரு குப்பி பூண்டு ஏறியது. ஒரு ஊர் எதைத் தொட்டுப் பிழைக்கிறதோ, அது அந்த ஊர்ப் பெட்டியில் இருக்க வேண்டாமா?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவர் வீட்டுக்கு வரவில்லை. நேரே வள்ளியம்மை ஆச்சி வீட்டுக்குப் போனார்; நானும் பின்னாலேயே போனேன். ஆச்சி தன் மகன் கல்யாணச் சமையலை இவரிடம் சொல்லி வைத்திருந்தார். ஊர்ப் பேச்சுக்குப் பிறகு வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முற்றத்தைச் சுற்றிய வளவில் ஏகப்பட்ட உறவுக்காரர்கள். இவர் நடு முற்றத்தில் நின்று சட்டையைக் கழற்றினார்.

"பாருங்க ஆச்சி. மல்லி, மிளகு, மஞ்சள் வச்ச எடமெல்லாம் சும்மா கெடக்கு. இது ஒண்ணுதான் செவந்திருக்கு. பூண்டு. எனக்கு வேற ஒரு வியாதியும் இல்ல."

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "ஏப்பா, பூண்டை அரைச்சு வச்சா யாருக்கும்தான செவக்கும்?"

நான் முன்னால் போனேன். "எனக்கும் அதையேதான் ஒட்டுனாக ஆச்சி."

"இங்குட்டு வா ஆத்தா." ஓர் அறைக்குள் கூட்டிப் போய், என் முதுகை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வெளியே வந்து, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சமையல் கருப்பையாதான். பூண்டு உரிச்சு நறுக்க நான் இருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் இவர் மகளை ரெண்டு கையாலும் தூக்கினார். அவள் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள், மூக்குத்தி மின்ன ஆச்சி தரையில் உட்கார்ந்து மலைபோல் பூண்டு உரித்தார். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? கை அப்படி இருக்கே என்று கேட்டவளும் வந்து உட்கார்ந்தாள். இவர் கரண்டியோடு அடுப்படியில் நிமிர்ந்து நின்றார். பந்தியில் ரெண்டாம் தடவை கேட்காத இலை இல்லை. அத்தனை பேர் நடுவில் 'அவர் என் வீட்டுக்காரர்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அதற்கப்புறம் அவர் விரல் பூண்டைத் தொடவே இல்லை; வெடிப்பும் ஆறிவிட்டது. ஆனால் பூண்டுக் குழம்பில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது!